உள்ளங்கால்

இன்று காலை தடுப்பூசி அறையில் ஒரு துண்டைப் பிரித்தேன். மஞ்சளும் சாம்பிராணியும் கலந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. உள்ளே ஆறு நாள் குழந்தை. “நேத்துலேருந்து நல்லாத் தூங்குறான் சிஸ்டர்” என்றாள் அவன் அம்மா, பெருமையாக. நீ இருந்திருந்தால் முதலில் அந்தப் பெருமையைத்தான் சந்தேகப்பட்டிருப்பாய்.

இந்த மைசூர் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை வார்டில் நாம் ஒரே மாதத்தில் செவிலியராகச் சேர்ந்தோம். நீ ஹனூரிலிருந்து வந்தாய், நான் நஞ்சன்கூட்டிலிருந்து. உன் தமிழ் ஹனூர்த் தமிழ்; என் தமிழில் தோழியை ‘கணே’ என்பதும் ‘அல்லவா’வை ‘அல்வா’ என்பதுமாகக் கன்னடம் கலந்திருக்கும். விடுதியிலும் ஒரே அறை. ஆனாலும் முதல் ஆறு மாதம் எனக்கு உன்னைப் பிடிக்கவில்லை. இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. நான் பரிசோதித்து எழுதி வைத்த குழந்தைகளை நீ மறுபடி போய்ப் பார்ப்பாய். ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுவாய். உச்சிக்குழியில் விரல் வைத்துப் பார்ப்பாய். என்னைப் பற்றிப் பெரிய சிஸ்டரிடம் போட்டுக்கொடுக்கத்தான் இதெல்லாம் என்று நினைத்தேன். நீ குழந்தைகளைச் சந்தேகப்பட்டாய், நான் உன்னை.

அந்தக் கட்டட வேலைக்காரர் வீட்டுப் பையன் நினைவிருக்கிறதா? பிறந்து மூன்றாம் நாள், வீட்டுக்குப் போக வேண்டியவன். அவனுடைய அத்தை வார்டுக் குளியலறையிலேயே குளிப்பாட்டி, முகத்திலும் மார்பிலும் மஞ்சளைக் குழைத்துப் பூசினாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்த்ததால்தான் ஏமாந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பரிசோதித்தபோது மஞ்சளாகத் தெரிந்தான். பூசியதுதானே என்று ‘தோல்: இயல்பு’ என்று எழுதிவிட்டேன்.

நீ தாளைப் படித்துவிட்டு அவனருகே போனாய்.

“இவனப் பாத்தியா புள்ள?”

“பாத்தேன் கணே. அது பூசின மஞ்சள். என் கண்ணு முன்னாடிதான் பூசினாங்க.”

“அழவே மாட்டான் சிஸ்டர். தங்கமான புள்ள” என்றாள் அத்தை.

“தங்கமெல்லாம் நகைக்கடைல இருக்கட்டுங்க்கா. கடைசியா எப்பப் பால் குடிச்சான்?”

அம்மாக்காரி யோசித்தாள். “விடியக்காலைல. எழுப்புனா ரெண்டு வாய் உறிஞ்சிட்டுத் தூங்கிடறான்.”

நீ அவனை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் போனாய். ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு நெற்றியில், மார்பில், வயிற்றில் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாய். கடைசியில் உள்ளங்காலில். விரல் எடுத்த இடம் வெளுக்காமல் மஞ்சளாக நின்றது. “உள்ளங்கால்ல ஆரும் மஞ்சப் பூசறதில்ல” என்று என்னைப் பார்க்காமலே சொன்னாய். பிறகு அந்தக் காலைச் சுண்டினாய். பையன் காலை இழுத்துக்கொள்ளவில்லை. முகத்தை மட்டும் சுளித்துவிட்டுத் தூங்கிப்போனான்.

ஒரு மணி நேரத்துக்குள் ரத்தப் பரிசோதனையில் கடுமையான காமாலை என்று தெரிந்து அவன் நீல விளக்கின் கீழே கிடந்தான். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் மூளையைப் பாதித்திருக்கும் என்று டாக்டர் அந்த அம்மாவிடம் சொன்னார். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கேன்டீனில் உன்னிடம் சண்டைக்கு வந்தேன். “எம்மேல நம்பிக்கையே இல்ல, அல்வா?”

“உம்மேல இருக்குது புள்ள. மஞ்ச மேலதான் இல்ல.”

“பெரிய சிஸ்டர்கிட்ட சொல்லப் போறியா?”

“நீயே சொல்லு. வேணும்னா கூட வாறேன்.”

வந்தாய். நான் திட்டு வாங்கி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாய். உன்மீதிருந்த சந்தேகம் அன்றோடு போயிற்று. முழுவதுமாகப் போகவிட்டிருக்கக் கூடாதென்று இப்போது நினைக்கிறேன்.

ஏனென்றால் போன மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தபோது நீ சொன்னதையெல்லாம் நம்பினேன். நான்காம் நாள் மத்தியானம், நான் டியூட்டிக்குக் கிளம்பும்போது போர்வைக்குள்ளிருந்து சொன்னாய்: “காச்சல் விட்டுருச்சு. தூக்கமா வருது, அவ்வளவுதான்.” குனிந்து நெற்றியைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. சந்தோஷப்பட்டேன். அதிகம் பேசாமல் படுத்திருந்தாய். நல்ல நோயாளி என்று கேலிகூடச் செய்தேன்.

மாலையில் வார்டன் போன் செய்தார். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்து என்று படித்துத் தேர்வெழுதியவள் நான். போர்வையின் மறுமுனையை விலக்கி உன் பாதத்தைத் தொட்டிருந்தால் சில்லென்று இருந்திருக்கும். டாக்டரைக் கூப்பிட ஓடியிருப்பேன். தொடவில்லை. மத்தியானமே கொண்டுவந்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா என்று டாக்டரிடம் கேட்டேன். “சொல்ல முடியாது” என்றார். ஆறுதலுக்காகச் சொன்னாரா என்று அவரையும் சந்தேகப்படுகிறேன்.

இன்றைய பையனை ஜன்னலருகே கொண்டுபோய்த் துடைத்து அழுத்திப் பார்த்தேன். உள்ளங்கால் வெளுத்து, உடனே சிவந்தது. சுண்டியதும் அலறினான். “நல்லாத் தூங்கினவன எழுப்பிட்டீங்களே” என்று அவன் அம்மா கோபித்துக்கொண்டாள்.

உன் கட்டிலில் இப்போது வேறு பெண் இருக்கிறாள், மண்டியாக்காரி. களைப்பாக இருக்கிறது என்று அவள் சீக்கிரம் படுத்தால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. போர்வையை விலக்கி அவள் காலைப் பிடித்துப் பார்க்கிறேன். அவள் கன்னடத்தில் திட்டிக்கொண்டே வெடுக்கென்று இழுத்துக்கொள்வாள். அப்படி இழுத்துக்கொண்ட பிறகுதான் நான் என் கட்டிலுக்குப் போகிறேன்.