பொறுப்பாளர் பக்கத்தில் இரண்டாவது பெயர்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீங்களும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் ஏதோ இருக்கிறோம். காகிதத்தில் கடிதம் வந்ததைப் பார்த்துத் திகைத்திருப்பீர்கள். "அவன் பழைய மெயிலைத் திறக்கிறதே இல்ல. வீட்டுக்கு எழுது, கையில வந்து விழுந்தா படிச்சுத்தானே ஆகணும்" என்று முகவரி கொடுத்தது உங்கள் அக்காதான். நான் எழுதுவது உங்கள் நண்பருக்குத் தெரியாது. தெரிந்தால் என்னோடு பேச மாட்டார். பேச்சு இப்போதே குறைவுதான்.

முதலில் நல்ல செய்தி. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். இடது கையால் தானே சாப்பிடுகிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல்வரை நடக்கிறார். தட்டில் வலது பக்கம் இருப்பது அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை, அதனால் பாதிச் சாப்பாட்டில் தட்டைத் திருப்பி வைக்கிறேன். கொஞ்ச நாளைக்குத் திரையே பார்க்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். என்னைத் தனியே வெளியே கூப்பிட்டு வேறு சிலதும் சொன்னார். அதை இங்கே எழுதவில்லை.

எனக்குக் கம்ப்யூட்டர் வேலை தெரியாது. பல் டாக்டரிடம் முன்மேசையில் உட்கார்ந்து நேரம் குறித்துக் கொடுப்பவள் நான். ஆனாலும் இத்தனை வருஷம் ஒரு மனுஷனோடு குடித்தனம் நடத்தினால் அவர் புலம்பல் புரிந்துவிடுகிறது. கண் தெரியாத உங்கள் அக்காவுக்காக, போனில் இருப்பதை வாசித்துச் சொல்லும் நிரலை நீங்கள் இருவரும் படிக்கிற காலத்தில் எழுதினீர்கள். யாரும் எடுத்துக்கொள்ளட்டும், திருத்தட்டும் என்று ஊர் உலகத்துக்கே திறந்து வைத்தீர்கள். கூடவே சில சட்டங்களும் போட்டீர்கள். ஒருவர் செய்த மாற்றத்தை இன்னொருவர் பார்க்காமல் சேர்க்கக்கூடாது. புதிதாக ஒரு பொறுப்பாளரைச் சேர்ப்பதென்றால் இருவரும் சம்மதிக்க வேண்டும். எங்கள் வீட்டில் கட்டில் வாங்கியபோதுகூட இத்தனை கட்டுப்பாடு இல்லை.

நீங்கள் புது வேலைக்குப் போனபிறகு உங்கள் பதில் தாமதமானது, அப்புறம் நின்றேபோனது. குறை சொல்லவில்லை. பிள்ளைகள், வேலை, யாருக்குத்தான் இல்லை. ஆனால் மற்றவர்கள் அனுப்பும் திருத்தங்கள் நிற்கவில்லை. அவற்றை ஆந்தை என்று ஒருவர் தன் பங்குக்குப் பார்த்துச் சொல்வார். தன் முகத்துக்குப் பதில் ஆந்தைப் படம் வைத்திருப்பதால் நாங்கள் வைத்த பெயர் அது. ஓய்வுபெற்ற நில அளவையாளராம். பிழையைக் காட்டுவார், மனசைக் குத்த மாட்டார். அவரைப் பொறுப்பாளராக்கலாமா என்று இவர் உங்களைக் கேட்டு எழுதிய மெயில் உங்கள் பெட்டியில்தான் கிடக்கும்.

அந்த நேரம் பார்த்து நிரலில் ஒரு ஓட்டை தெரிய வந்தது. வேண்டாதவன் ஒரு செய்தி அனுப்பினாலே போன் உறைந்துவிடுமாம். உடனே அடை என்று எல்லாப் பக்கமும் நெருக்கினார்கள். ஆந்தை பிரயாணத்தில் இருந்தார். இவருக்குக் காய்ச்சல். உங்களுக்கு எழுதினார், மறுபடி எழுதினார். கடைசியில் தானே திருத்தி, தானே பார்த்து, தானே வெளியிட்டார். ஓட்டை அடைபட்டது. ஆனால் புதிய வெளியீடு எண்களை வாசிக்க மறந்துபோனது.

யாருடைய போனையோ வாங்கி உங்கள் அக்காதான் முதலில் இவரைக் கூப்பிட்டார். "என்னடா, உன் புரோகிராம் எழுத்தெல்லாம் சொல்லுது, நம்பர் வந்தா வாயை மூடிக்குது. கணக்குல ஃபெயிலா?" என்று சிரித்தார். மருந்து வேளையையும் பஸ் எண்ணையும் போனிடம் கேட்டே வாழ்கிறவர் சிரித்தார். இவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மத்தியானத்துக்குள் பழைய பதிப்பைத் திரும்பப் போட்டுவிட்டார். அதற்குள் முகம் தெரியாதவர்கள் என்னென்னவோ எழுதிவிட்டார்கள். இலவசம் என்றால் குப்பையைக் கொடுப்பாயா என்று ஒருவர். உன்னை நம்பினோமே என்று இன்னொருவர். வசவைவிட அந்த இரண்டாவதுதான் இவரைச் சாய்த்தது. சில நாள் கழித்து அலுவலகத்தில் டீ கோப்பையை எடுக்க நீட்டிய கை கோப்பைக்குப் போய்ச் சேரவில்லை. பக்கவாதம் என்றார்கள்.

இப்போது வருகிற செய்திகளை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். கேட்காவிட்டால் எழுந்து வந்து தானே திரைமுன் உட்கார்ந்துவிடுவார் என்ற பயம். லேப்டாப்பைப் புடவைகளுக்கு அடியில் ஒளித்திருக்கிறேன். திட்டுகளை விட்டுவிட்டு வாசிப்பேன். ஒருநாள் கண்டுபிடித்துவிட்டார். வார்த்தை வார்த்தையாகத் தேடி, "நீயும்... முழுங்குறியா... எங்க புரோகிராம் மாதிரி?" என்றார். வந்ததிலிருந்து அவர் சொன்ன ஒரே வேடிக்கை அது. சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்து மிச்சத்தையும் வாசித்தேன்.

போன வாரம் ஆந்தையிடமிருந்து ஒரு செய்தி. ஒரு வருஷத்துக்கு மேல் சத்தமே இல்லாதவரை மற்றவர் பொறுப்பிலிருந்து விலக்கலாம் என்று உங்கள் விதியிலேயே இருக்கிறதாம். அப்படிச் செய்துவிட்டால் இவர் ஒருவர் சம்மதமே போதும், சுமையைத் தான் வாங்கிக்கொள்வதாக மரியாதையாக எழுதியிருந்தார். எந்த பட்டன் என்று சொல்லுங்க, நானே அழுத்துகிறேன் என்றேன். இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, "அவன்... பேரு அது. என் கையால... எடுக்க மாட்டேன்" என்றார். கையே வராத மனுஷன் சொல்கிற பேச்சா இது?

தம்பி, பழையபடி வந்து உழையுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆந்தைக்குச் சம்மதம் என்று ஒரு வரி எழுதுங்கள். பிறகு பொறுப்பாளர் பக்கத்திலிருந்து உங்கள் பெயரை நீங்களே எடுத்துவிடுங்கள். இவர் எடுக்க மாட்டார். எடுக்காமல் இன்னும் எத்தனை நாள் சுமப்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குமுன் ஒருநாள் போன் செய்யுங்கள். காலையில் என்றால் தெளிவாக இருப்பார். வார்த்தை வருவதற்கு நேரமாகும், அவசரப்பட்டு நீங்கள் முடித்து வைக்காதீர்கள். என்மேல் கோபமா என்று அவரைக் கேட்க வேண்டாம். இல்லை என்பார், அது நிஜம். கோபம் என்னிடம்தான் இருந்தது. இவ்வளவும் எழுதி முடித்ததில் அதற்கும் தெம்பு போய்விட்டது.

உங்கள் கண்ணும் கையும் நாக்கும் நன்றாக இருக்கட்டும். அதைவிடப் பெரிய வாழ்த்து இப்போது எனக்குத் தோன்றவில்லை.

அன்புடன்,
அண்ணி