என் கையெழுத்தில் உன் விருப்பம்

ஸ்ரீராம்புரம்,
ஞாயிறு மாலை.

அன்பு நண்பன் ரவிக்குமாருக்கு,

ஜெயராஜ் எழுதுகிறேன். நீ தங்கவயலுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது, போனை எடுப்பதில்லை. அதனால் கடிதம். உன்னைக் கட்டிக்கொண்ட தங்கச்சி ஸ்ரீலக்ஷ்மிதான் இதை உனக்குப் படித்துக் காட்டவேண்டும். ஒரு வரியையும் விடாமல் படி அம்மா.

சர்க்கரைக்கு ஊசி ஒழுங்காகப் போடுகிறாயா? இங்கே ஆபீசில் நீ ஓட்டிய ஜீப்பை இப்போது கேசவ் ஓட்டுகிறான். அவன் கியர் போடும் சத்தம் கேட்டாலே எரிச்சலாக வருகிறது.

போன வாரம் சர்ச்சில் வக்கீல் ஐரினிடம் உன் விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னை முறைத்தாள். அரசு வேலையில் இருக்கும்போது ஒருவனுக்குப் பார்வை போனால், அதற்காக அவனை வீட்டுக்கு அனுப்பக் கூடாதாம். ஜீப் ஓட்ட முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தரவேண்டுமாம். காலியிடம் இல்லையென்றால் உனக்கென்றே ஓர் இடம் உண்டாக்கி வைத்துக்கொள்ள வேண்டுமாம். டேய், நீ இங்கேயே டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்டா!

அன்று இதை நமக்கு யார் சொன்னார்கள்? வேலையை விடுவதாகத் தானாக எழுதிக் கொடுத்தால் மரியாதையாகப் போகலாம், இல்லையென்றால் நாங்களே தூக்கிவிடுவோம் என்றார் பெரிய ஐயா. கடிதம் கன்னடத்தில் இருக்கவேண்டும்; உனக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. ஆபீசில் எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கிற திமிரில் பேனாவை நான் எடுத்தேன். சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன் என்று எழுதி வாசித்ததும், “இது என் இஷ்டமாடா மச்சான்?” என்று கேட்டாய். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள், கையெழுத்தைப் போடு என்று அதட்டினேன். இடம் தெரியாமல் தடவிய உன் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்ததும் இந்தப் பாவிதான். படுத்தால் அந்தக் கேள்விதான் காதில் விழுகிறது.

ஆபீஸ் அந்தக் காகிதத்தைத்தான் நீட்டும் என்கிறாள் ஐரின். மிரட்டித்தான் வாங்கினார்கள் என்று சொல்ல சாட்சி வேண்டுமாம். நான் சொல்கிறேன். பெரிய ஐயாவிடமே இதைச் சொன்னேன். மறுநாளே என்னைப் பழைய ஃபைல் அறைக்கு மாற்றிவிட்டார்கள். தூசியில் இருமல்தான், வேறொன்றும் இல்லை.

ஆனால் மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனு நீதான் கொடுக்கவேண்டும். ஜெயிப்போம் என்று ஐரின் சத்தியம் செய்யவில்லை. இருந்தாலும் வியாழக்கிழமை காலை ரயிலில் வா. ஸ்டேஷனில் நிற்கிறேன். மனுவைத் தமிழிலும் எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். தங்கச்சி இரண்டு முறை வாசித்துக் காட்டட்டும். உனக்கு இஷ்டமிருந்தால் மட்டும் கையெழுத்துப் போடு. இந்த முறை உன் கையை நான் தொடமாட்டேன்.

கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

உன் மச்சான் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கும்,
ஜெயராஜ்