எது தோல், எது ரெக்சின்

ஏங்க,

ஷிஃப்டுக்குக் கிளம்பிட்டேன். மீன் குழம்பு இருக்கு, சூடு பண்ணிக்கோங்க. என் மேல இருக்கிற கோபத்தைக் குழம்பு மேல காட்டாதீங்க.

பெரிய கேமரா வாங்கலாம்னு சொன்னதுக்கு, சட்டைப் பையில போற உங்க சின்ன கேமராவே நம்ம ஆன்லைன் ஷூ கடைக்கு ஜாஸ்தின்னு நேத்து கத்தினீங்க. அதுல எடுத்த படத்தைப் பார்த்துதான் மூணு பேர் "இது ரெக்சினா?"ன்னு கேட்டுட்டுப் போய்ட்டாங்க.

ஃபிரிட்ஜ் மேல ரெண்டு படம் வச்சிருக்கேன். அதே பிரவுன் ஷூ, அதே ஜன்னல் வெளிச்சம். ஒண்ணு உங்க கேமரா, இன்னொண்ணு ஃபேக்டரி தோஸ்த் மெஹக்கோட பெரிய மிரர்லெஸ் கேமரா. எது எதுன்னு சொல்ல மாட்டேன். இருபது வருஷமா தோலைத் தரம் பிரிக்கிற கண்ணு உங்களுது. எதை முதல் தரம்னு எடுத்து வைக்கிறீங்களோ, அதுவே நம்ம கடைக்கு; மெஹக்கோடதுன்னா அதே மாதிரி ஒண்ணு வாங்கிடலாம். எனக்குப் பயமே இல்ல.

கரோலின்

சாவி மீட்டர் பெட்டி மேல.

அடியில மூணாவது படம் ஒண்ணு இருக்கு, பாருங்க. ஞாயித்துக்கிழமை சர்ச் வாசல்ல நீங்க வாய்விட்டுச் சிரிச்சது, உங்க சின்ன கேமராவுலதான் எடுத்தேன். பெரிய கேமராவைப் பையிலருந்து எடுக்கிறதுக்குள்ள அந்தச் சிரிப்பு போயிருக்கும். பெரிசு வாங்கினாலும், உங்க சின்னதைக் கேமரா கடையில குடுத்து மாத்த நான் விடமாட்டேன்.