பாட்டிலில் ஒட்டிய உன் படம்

சிவன்மலை ஆண்டவர் துணை

திருப்பூர்

அன்பு மகள் சத்யப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், ஜெர்மனிக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன், அப்பா படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்.

கண்ணு, எனக்கு வயிறு எரிகிறது. மூட்டுக்குள் வழவழவென்று இருக்கும் ஹயலூரானிக் அமிலத்தை ஏதோ நொதி சிதைக்கிறது, அதை அடக்கும் பொருள் எந்தச் செடியில் இருக்கிறதென்று தேடுகிறேன் என்று பொங்கலுக்கு வந்தபோது சொன்னாய் அல்லவா, துத்தி இலைச் சாறு சோதனைக் குழாயில் ஒருமுறை அடக்கியது, மறுமுறை அடக்கவில்லை என்றும் சொன்னாய். உன் முருகேஷ் மாமன் காதில் முதல் பாதி மட்டும் விழுந்திருக்கிறது. பனியன் கம்பெனி நடத்துகிற என் தம்பிக்கு இப்போது துத்தி இலைக் கஷாய வியாபாரமும் வேண்டுமாம். பனியனுக்குக் கழுத்து லேபிள் அடிக்கிற இடத்திலேயே உன் படத்தையும் அடித்து, ஜெர்மனி விஞ்ஞானி கண்டுபிடித்த மூட்டுவலிக் கஷாயம் என்று பாட்டிலில் ஒட்டி விற்கிறான். நேரில் போய்ச் சண்டை போட்டேன். சாம்பிள் ஓகே ஆயிருச்சில்லீங்கக்கா, அப்பறம் புரொடக்சன் போடறதுல என்னங்க தப்பு என்கிறான். குழாயில் நடப்பதும் மனுஷி முழங்காலில் நடப்பதும் ஒன்றா, இவனுக்கு எல்லாமே பனியன்தான்.

அவன் கம்பெனியில் தைத்த பனியனில் பழுது பார்க்கிற செக்கிங் டேபிளில் நாளெல்லாம் நிற்கிற ராமாயி உன்னைத் தூக்கி வளர்த்தவள். மூட்டு வாதத்துக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கிறாள், முழங்கால் பானை மாதிரி வீங்கிக் கிடக்கிறது. நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டும் கேட்கவில்லை. நீங்க என்னத்தக் கண்டீங்க அம்மிணி, படிச்ச பாப்பா படமே போட்டிருக்குதுங்களே என்கிறாள்.

இதையெல்லாம்விட எனக்கு ஆத்திரம் எதில் தெரியுமா. படம் போடறதுக்கு முன்னாடியே பாப்பாகிட்டக் கேட்டனுங்கக்கா, சிரிச்சுட்டு உங்க இஷ்டம் மாமான்னுதான் சொல்லுச்சு என்கிறான் உன் மாமன். நிஜமா? தாய்மாமன் மனம் கோணக் கூடாதென்று சிரித்தாயா? மரியாதை வேண்டியதுதான், அதற்கு ராமாயியின் காலையா கொடுப்பது? அவன் தெரியாமல் செய்தான், நீ தெரிந்தே சும்மா இருந்தாய். லேபிளைக் கிழிக்கச் சொல்லி நீயே அவனிடம் பேசு, என்னை நடுவில் இழுக்காதே.

சளி பிடித்தால் வெந்நீர் குடி, ராத்திரி கண் விழிக்காதே. ஆண்டவர் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும். மறக்காமல் முதலில் ராமாயிக்குப் போன் போடு, நீ சொன்னால்தான் நம்புவாள். இன்று காலையிலும் பாட்டிலில் இருந்த உன் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் குடித்தாள்.

இப்படிக்கு,
உன் அம்மா ஜெயபாரதி