மருத்துவரிடம் நான் மாற்றிச் சொன்னது

உங்களுக்கு ஜெர்மன் விளங்கும். விளங்காதவர்போல இருந்து என்னைப் பொய் சொல்ல விட்டீர்கள்.

இன்று காலை, டுசல்டோர்ஃபில் நான் வேலைசெய்யும் பிசியோதெரபி நிலையத்துக்கு முழங்கால் வலியோடு வந்த ஒருவர், தன் ஐஸ் ஹாக்கிக் கையுறைகளைக் காயட்டும் என்று ஹீட்டர்மேல் வைத்தார். ஈரத்தோலும் பழைய வியர்வையும் புளித்த நாற்றம், உங்கள் கையுறைகளில் வந்த அதே நாற்றம், அறை முழுவதும் பரவியது. அவருடைய காலைப் பிடித்தபடியே மனதுக்குள் உங்களை ஏசினேன்.

நீங்கள் இறந்து ஏழு வாரம். கனடாவில், உங்கள் வீட்டுப் படியில் விழுந்தீர்களாம். உங்கள் மகள் எனக்கு எழுதிய மின்னஞ்சல் நான்கு நாட்களாகப் பதிலில்லாமல் கிடக்கிறது. அவள் கேட்பது ஒன்றுதான்: "ஜெர்மனியில் விளையாடிய காலத்தில் அப்பாவுக்குத் தலைச்சுற்று இருந்ததா? மருத்துவரிடம் போனபோது நீங்கள்தான் கூட இருந்தீர்களாம்."

இருந்தேன்.

அப்போது நான் படிப்பின் கடைசி வருடத்தில், உங்கள் கிளப்பில் வேலை பழக வந்தவள். நீங்கள் முப்பத்தேழு வயது விங்கர். பனித்தளத்தின் பக்கச் சுவரோரமாகப் பாய்ந்து, அந்தச் சுவரிலேயே நசுக்கப்படுகிற வேலை. கனடாவின் சின்னச் சின்ன ஊர் அணிகளுக்காகப் பஸ்ஸில் அலைந்தவர். பெரிய லீக்கில் ஆடியதைக் கைவிரலில் எண்ணிவிடலாம் என்று நீங்களே சிரிப்பீர்கள். எங்கள் ஆட்கள் கனடாவுக்குப் போக எத்தனை வழி தேடினார்கள். நீங்களோ அங்கிருந்து இங்கே பிழைக்க வந்திருந்தீர்கள்.

அணியின் உடுப்புத் தோய்த்து, ஸ்கேட் தீட்டுகிற யாழ்ப்பாணத்துக்காரரை நான் "அண்ணை" என்று கூப்பிட, அதுதான் அவர் பெயர் என்று நீங்களும் எடுத்துக்கொண்டீர்கள். ஒரு மாதத்தில், கனடாக்காரர் பலர் இருந்த முழு அணியும் "அண்ணை, என் ஸ்கேட் எங்கே?" என்று கத்தியது.

"பாத்தியே பிள்ளை, முழுக் கனடாவும் எனக்குத் தம்பிமார்," என்றார் அவர்.

ஆட்டம் சமநிலையில் நின்று கூடுதல் நேரம் வந்தால் அறிவிப்பாளர் "ஃபெர்லெங்கருங்" என்பார். எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு விசா நீடிப்பு என்றுதான் பொருள். அண்ணை ஒவ்வொரு முறையும் பதறி எழும்புவதுபோல் நடித்து, "எத்தனை மாதத்துக்கு?" என்று ஜெர்மனில் கேட்பார். சுவரில் தலை மோதிய காயத்தோடு நீங்கள் எங்கள் பக்கத்தில் இருந்த ஒரு நாள், நான் ஆங்கிலத்தில் விளக்குமுன்பே சிரித்துவிட்டீர்கள். உங்கள் ஒப்பந்தத்தை நீடிப்பதற்கும் அதே சொல்தான். வருடத்துக்கு வருடம், எங்கள் அப்பாவின் விசாவைப் போல.

அந்தக் காயத்துக்குத்தான் மருத்துவரிடம் போனோம். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. தலை சுற்றுகிறதா என்று கேட்டார். நான் உங்களிடம் கேட்டேன். "எல்லாம் தூரமாகப் போகிறது, தரை அசைகிறது" என்றீர்கள். அல்லது கால் அசைகிறது என்றீர்களா? இப்போது குழம்புகிறது. நான் மருத்துவரிடம் சொன்னது மட்டும் குழம்பவில்லை.

"களைப்பாக இருக்கிறதாம். நித்திரை குறைவாம்."

யாரும் என்னிடம் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. பத்து வயதிலேயே வெளிநாட்டவர் அலுவலகத்தில் அப்பாவுக்காக மொழிபெயர்த்தவள் நான். "அப்பா கத்துறதையெல்லாம் சொல்லாதை பிள்ளை, உதவுறதை மட்டும் சொல்லு," என்று அம்மா காதுக்குள் சொல்லித்தான் உள்ளே அனுப்புவார். உணவகத்தில் சட்டி தூக்கித் தூக்கி அப்பாவுக்கு இடுப்பு நாரி விட்டுப்போயிருந்தது. வேலைசெய்ய ஏலாது என்றால் விசா போய்விடும். அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்றேன். கெட்டிக்காரப் பிள்ளை என்றார்கள். ஒரு பிள்ளையை ஏன் அந்தக் கதிரையில் இருத்துகிறீர்கள் என்று அந்த அலுவலகத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

உங்கள் நீடிப்பு முடிவாகும் கிழமை அது. என் வாய் பழக்கத்தில் வேலைசெய்துவிட்டது. நீங்கள் ஆடலாம் என்று மருத்துவர் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் என் தோளில் தட்டி, "நன்றாகச் சொன்னாய்," என்றீர்கள். மொழிபெயர்த்ததற்கா? மறைத்ததற்கா? கிளப் இன்னொரு பருவம் உங்களைச் சுவரில் மோதவிட்டு, பிறகு ஒரு தொலைபேசி அழைப்புக்கூட இல்லாமல் கைவிட்டது. அப்பாவின் முதலாளியும் அப்படித்தான் செய்தான்.

மின்னஞ்சல் வந்த அன்று அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அந்த மனுசன் அஞ்சு வருசம் இஞ்ச இருந்தவர். கோச்சோட ஜெர்மன்லதான் வாய்ச்சண்டை பிடிக்கிறவர். உனக்குத் தெரியாதே?"

"அப்ப என்னை ஏன் கூட்டிக்கொண்டு போனவர்?"

"பொய் தன்ரை வாயால வரக்கூடாது எண்டாக்கும்," என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "பகிடி பிள்ளை. தனியப் போகப் பயந்திருப்பார்."

அதுவும் இருக்கலாம். பயந்த ஆளை நான் ஏசிக்கொண்டிருக்கலாம்.

மறுநாள் அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அம்மா சொன்ன எதையும் விடாமல், மலச்சிக்கல் வரைக்கும், அப்படியே ஜெர்மனில் சொன்னேன். "அதையெல்லாம் ஏன்டி அந்த மனுசனுக்குச் சொன்னனீ?" என்று வீடு வரும்வரை அம்மா என்னை ஏசிக்கொண்டே வந்தார். இப்போது எனக்கு ஒரு சொல்லைக்கூட விட ஏலாது. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்.

உங்கள் மகளுக்கு "ஓம், இருந்தது" என்று எழுதி அழித்தேன். "நினைவில்லை" என்று எழுதி அதையும் அழித்தேன். உண்மையைத்தான் எழுதப்போகிறேன், அதற்கு உங்கள் அனுமதி வேண்டாம். ஆனால் அந்தப் பொய் யாருடையது என்று எழுத? உங்களுடையதா, என்னுடையதா? ஜெர்மனோ ஆங்கிலமோ, எதிலாவது சொல்லுங்கள்.