தோணிமுனைக் கோபுரத்தின் சாய்வு குறித்து விடுத்த ஓலை

மழை உரிய காலத்தில் பெய்க. கலம் ஏறியவர் கரை சேர்க. நெடுமலை நாட்டையும் அதன் துறைமுகங்களையும் ஆளும் கடல்காவலர் குலத்துக் கோப்பெருநம்பியாகிய நாம், தோணிமுனைப் பட்டினத்தின் தலைவரும், நம் தந்தையார் காலந்தொட்டு நம் குடிக்கு உற்றவருமாகிய பூதன் வேளார்க்கு, அவர் கோடையைக் கழிக்கும் குளிர்குன்ற மாளிகைக்கு விடுக்கும் ஓலை. வேளாரும் அவர்தம் இல்லத்தாரும் நலமே வாழ்க. குன்றின் குளிர் தங்கள் முழங்கால் வலிக்கு ஒத்துக்கொண்டதா என்று அறிய விரும்புகிறோம்.

தாங்கள் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. நம் பெயர் தாங்கிய விளக்குக் கோபுரம் தங்கள் கூரைகளின் மேல் சாய்கிறதென்று கயிறு திரிப்போர் தெருவினர் ஊரெங்கும் சொல்லித் திரிவதாகவும், அரசர் பெயரால் நிற்கும் கோபுரத்தைச் சாய்கிறதென்பது அரசரையே சாயச் சொல்வதற்கு ஒப்பாகுமென்றும், ஆதலால் அத்தெருவின் தலைவி வெண்ணியையும் அவள் குடும்பத்தையும் நாடு கடத்த நம் முத்திரை வேண்டுமென்றும் எழுதியிருந்தீர்கள். ஆண்டுதோறும் நம் பிறந்தநாளன்று அளந்து பார்த்ததில் கோபுரம் மயிரிழையும் அசையவில்லை என்பதைச் சான்றாகக் காட்டியிருந்தீர்கள்.

முத்திரை வைக்கத்தான் இருந்தோம். அந்த மயிரிழைதான் நம் கையைத் தடுத்தது. நம் அரண்மனைக் கதவுகள் மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு மூட மறுக்கின்றன. கோடையில் சுருங்கிச் சந்து விடுகின்றன. இத்தனை ஆண்டுகள் கடற்காற்றில் நின்ற கோபுரம் மட்டும் கொஞ்சமும் அசையவில்லை என்றால், அந்த அதிசயத்தை நேரில் காணாதிருப்பது எப்படி? உடனே புறப்பட்டு வந்துவிட்டோம். சொல்லாமல் வந்தமைக்குத் தாங்கள் வருந்த வேண்டா.

அளக்கும் முறையை முதலில் கேட்டறிந்தோம். கோபுரத்தின் உச்சியிலிருந்து உட்கூட்டின் வழியே ஒரு செம்புக் கம்பி தரைவரை தொங்குகிறது. அதன் நுனியிலுள்ள இரும்புக் குண்டு எண்ணெய்த் தொட்டியில் அமிழ்ந்திருப்பதால் ஆட்டம் அடங்கி நிற்கிறது. தொட்டிக்குச் சற்று மேலே, கால்கள் தரையில் அறையப்பட்ட பித்தளை வளையம் ஒன்று. கம்பி வளையத்தின் நடுவே நின்றால் கோபுரம் நேர். ஒதுங்கினால், ஒதுங்கிய பக்கம் சாய்வு. இவ்வளவு எளிய கருவியில் பொய் புகுவதற்கு இடமே இல்லையென்று எண்ணினோம். தாங்களும் அப்படித்தான் எண்ணியிருப்பீர்கள்.

கோபுரக் காவலர் கண்டன் பதறப் பதற, நாம் அந்த வளையத்தருகே தரையில் குப்புறப் படுத்து, காலை முதல் மாலை வரை கம்பியைப் பார்த்துக் கிடந்தோம். உணவும் அங்கேயே வந்தது. முற்பகலில் கம்பி மேற்கே ஒதுங்கியது; பிற்பகலில் திரும்பி வந்து கிழக்கே ஒதுங்கியது. நம் கண்ணில்தான் கோளாறோ என்று மறுநாளும் படுத்தோம். மறுநாளும் அப்படியே. வெயில் படும் பக்கம் சூடேறிச் சற்றே நீள்வதால் கோபுரம் மறுபக்கம் வளைகிறது. இரவெல்லாம் ஆறி, பொழுது புலரும் முன் தன் நிலைக்குத் திரும்புகிறது. கல்லும் செங்கல்லும் நாள்தோறும் இப்படி நமக்குத் தெரியாமல் அசைந்துகொண்டிருக்கின்றன என்பதைக் கண்டபோது நமக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

அந்த மகிழ்ச்சியிலேயே கண்டனிடம், பிறந்தநாள் அளவு எந்த வேளையில் எடுக்கப்படுமென்று வினவினோம். நிமித்தகர் குறித்துத் தரும் நல்ல நேரத்தில் என்றார். நல்ல நேரம் ஓர் ஆண்டு காலையில் வரும், ஓர் ஆண்டு மாலையில் வரும். எனில் வெயிலின் அசைவாவது அளவில் தெரிந்திருக்க வேண்டுமே, மயிரிழையும் அசையாதது எப்படி என்றோம். கண்டன் எண்ணெய்த் தொட்டியின் விளிம்பைத் துடைக்கத் தொடங்கினார்.

படுத்துக் கிடந்ததில் ஒரு நன்மை உண்டு. தரை நன்றாகத் தெரியும். வளையத்தின் கால்களுக்கு அருகே, ஈயம் ஊற்றி அடைத்த பழைய துளைகளைக் கண்டோம். ஒன்றல்ல, வரிசையாகப் பல. இவை யாவை என்று கேட்டபோது கண்டன் கண் கலங்கிச் சொன்னார்: அரசர் பிறந்தநாளன்று ஊரே பூவும் விளக்குமாகக் கோபுரத்தில் கூடும், அந்நாளில் கம்பி நடுவிலிருந்து விலகி நிற்பதை மக்கள் கண்டால் அரசரின் ஆயுளுக்கே குறையென்று கலங்குவர், ஆதலால் முதல் ஆண்டிலிருந்தே, மக்கள் கூடுமுன் வளையத்தைப் பெயர்த்துக் கம்பிக்கு நேராக அறைந்துவிடுவது வழக்கம். இவ்வழக்கத்தைத் தாங்களும் அறிவீர்கள் என்று அவர் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

முதலில் நகைத்தோம், வேளாரே. கம்பி நடுவில் நின்றது மெய்தான். நடுவல்லவா கம்பியின் பின்னாலேயே நடந்திருக்கிறது. பிறகு அத்துளைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு போனோம். கிழக்கும் மேற்குமாக அவை தள்ளாடிச் செல்வது நிமித்தகரின் நல்ல நேரத்தால். ஆனால் ஒரு துளை தவறாமல் எல்லாம் வடக்கு நோக்கியே செல்கின்றன. வடக்கே இருப்பது கயிற்றுத் தெரு. அப்போது நம் நகைப்பு நின்றது. உள்ளபடியே அஞ்சினோம்.

சாய்வு வளர்கிறதா, தணிந்து நிற்கப் போகிறதா என்பதை அத்துளைகளைக் கொண்டு அறிய முயன்றோம். இயலவில்லை. அண்மைத் துளைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சிதைந்திருக்கின்றன. நம்மேல் கொண்ட அன்பினால் நமக்கு வேண்டிய ஒரே செய்தியை அழித்துவிட்டார்கள்.

வெண்ணியை அழைப்பித்தோம். அவர் வணங்கிவிட்டு, கோபுரம் விழுமா விழாதா என்று நேராகவே கேட்டார். சாய்ந்திருப்பது உறுதி, விழுமா என்பதை யாம் அறியோம், சில மழைக்காலங்கள் ஒழுங்காக அளந்தால்தான் அறியலாம் என்றோம். அதற்கு வெண்ணி, அச்சமில்லை என்று அரண்மனை சொல்லிய காலமெல்லாம் தம் தெருவினர் உறங்கவில்லையென்றும், அறியோம் என்ற சொல்லைத்தான் தம்மால் நம்ப முடிகிறதென்றும் சொன்னார். பின்னர், அறியும்வரை தம் பிள்ளைகள் எங்கே படுப்பது என்று கேட்டார். வெட்கினோம்.

ஆதலால் நம் கட்டளை இது. வெண்ணியையும் அவர் குடும்பத்தையும் நாடு கடத்தும் விண்ணப்பம் தள்ளப்பட்டது. வளையத்தின் கால்கள் இன்றே பாறைத் தரையில் ஈயமிட்டு இறுக்கப்பட்டன. இனி அதைப் பெயர்ப்பவர் யாராயினும் அரசாணையைப் பெயர்த்தவராவார். மாதந்தோறும், பொழுது புலருமுன், வெயில் கோபுரத்தைத் தொடாத வேளையில் அளவு எடுக்கப்படும். தெருவினர் இருவர் உடனிருந்து காண்பர். கம்பி பழுதுபட்டுப் புதிது இடும்போது, பழையதும் புதியதும் ஒரு பருவமேனும் அருகருகே தொங்கி, இரண்டும் ஒன்றையே சொல்கின்றனவா என்று பார்க்கப்பட வேண்டும். கருவியையே முழுதும் நம்பாமல், தெற்குப் பாறையிலிருந்தும் கோபுர உச்சியை நோக்கிக் குறித்து ஒத்துப்பார்க்க வேண்டும். கண்டனைத் தண்டிக்க வேண்டா. அளக்கும் பணி அவரிடமே இருக்கும். நம் பிறந்தநாளில் கம்பி எங்கே நிற்கிறதோ அங்கேயே ஊரார் காணட்டும். அதைக் கண்டு நம் ஆயுளுக்கு அஞ்சுபவர்க்கு, நாம் நலமாயிருக்கிறோம் என்று சொல்லுக.

எஞ்சியது தெருவினர்க்கு இடம். துறைமுகத்தில் தங்கள் பெருமாளிகை கோடை முழுதும் பூட்டிக் கிடப்பதைக் கண்டோம். கூடங்கள் விசாலமானவை, கிணறும் இனிய நீருடையது என்றனர். உற்றவரின் கதவை உடைக்க நமக்கு மனமில்லை. இவ்வோலை கொண்டுவரும் வீரனிடம் சாவியைக் கொடுத்தனுப்புக.

அதுவரை நாம் வெண்ணியின் வீட்டில், கோபுரத்தின் வடக்கே, தங்கியிருக்கிறோம். தெருவின் கடைசிக் குடும்பம் வெளியேறிய பின்னரே நாமும் வெளியேறுவோம்.

கோப்பெருநம்பி. நம் கைப்பட எழுதி, நங்கூர முத்திரை வைத்தோம். வேளார் விரைக.