எனக்கென்று தந்த ஒரு மணி நேரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

நேற்றுத் தேர்வு. என் கை மெதுவாகத்தான் எழுதும் என்று ஒரு மணி நேரம் கூடுதலாகத் தந்தார்கள். மற்றவர்கள் போனதும் மேற்பார்வையாளர் ஃபேனை நிறுத்திவிட்டு என் எதிரிலேயே வந்து உட்கார்ந்தார். "நீ எழுதுப்பா, என் பஸ் போனா போகட்டும்" என்றார், பெரிய மனசு பண்ணி. கடைசிக் கேள்விக்கு விடை தெரியும், நேரமும் இருந்தது. "முடிஞ்சிடுச்சு சார்" என்று தாளை நீட்டிவிட்டேன்.

பிடி வழுக்காமலிருக்கப் பேனாவில் நீ சுற்றிய துணி நைந்துவிட்டது. வேறொரு பேனாவில் சுற்றி அனுப்பு. ஒற்றைக் கையால் சுற்ற வரவில்லை. இங்கே யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன். யாருக்கும் தொந்தரவு கொடுக்காத பிள்ளை என்று எல்லோரிடமும் சொல்வாயே, அதில் மட்டும் எனக்கு முழு மதிப்பெண்.

உன் மகன்